ஐ, ஜே, பி, இ: ஒரு பழைய படகை அதன் பாய்க் கணக்கில் படிப்பது

பழைய பாய்மரப் படகு ஒன்றின் விவரத்தாள் கிடைத்தால் என் கண் நேராகப் போவது ஐ, ஜே, பி, இ என்ற நான்கு எழுத்துகளுக்குத்தான். விலை, என்ஜினின் குதிரைத்திறன், உள்ளே எத்தனை கட்டில் என்பதெல்லாம் அப்புறம். அந்த நான்கு எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களைப் பார்த்தாலே, படகை வரைந்தவர் யாரை மனதில் வைத்து வரைந்தார் என்று தெரிந்துவிடும். எட்டுப் பேர் கொண்ட பந்தயக் குழுவையா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கடலோடக் கிளம்பிய கணவன் மனைவியையா? பதில் அங்கேயே இருக்கிறது.

மைசூரில் இருந்துகொண்டு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. கடலைப் பார்க்க மங்களூர் பக்கம் போனாலும் கண்ணூர் பக்கம் போனாலும் மலையிறங்கியாக வேண்டும். ஆனால் கண்ணம்பாடியில் காவிரியை மறித்துக் கட்டிய கிருஷ்ணராஜ சாகர் இங்கே இருக்கிறது. அணையின் முழு அளவு 124.8 அடி என்பது மைசூர்க்காரர்களுக்கும் தெரியும், தஞ்சாவூர்க்காரர்களுக்கும் தெரியும். அந்த அணைக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் பாய்ப்படகு விடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ராயல் மைசூர் செய்லிங் கிளப்பின் படகுகள் ஓடுவது அங்கேதான். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் கரையில் நின்று பாருங்கள். சின்னஞ்சிறு படகுகள் சாய்ந்து பாய்ந்து போவதைப் பார்த்தபின், இது கடற்கரை ஊர்களுக்கு மட்டும் உரியது என்று சொல்ல மனம் வராது.

பாயின் அளவை மனிதனின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் எனக்கு இந்தச் சின்னப் படகுகளில்தான் தொடங்கியது. லேசர் என்று எல்லோரும் சொல்லும் படகுக்கு இப்போது இல்கா என்று பெயர். உடல் ஒன்றுதான், நீளம் 4.23 மீட்டர். பாய் மட்டும் மூன்று அளவு: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். எண்பது கிலோ சுற்றி எடை உள்ளவருக்குப் பெரிய பாய், அதைவிட எடை குறைந்தவருக்கு நடுப் பாய், வளரும் பிள்ளைகளுக்குச் சின்னப் பாய். மஸ்து, அதாவது பாய்மரம், இரண்டு துண்டு. மேல் துண்டு மூன்றுக்கும் பொது, அளவுக்குத் தக்கபடி கீழ்த் துண்டை மாற்றினால் போதும். பாயில் தைத்திருக்கும் நீண்ட உறைக்குள் மஸ்தைச் செருகி, அப்படியே தூக்கிப் படகில் நட்டுவிடலாம். ஏற்றி இறக்கக் கயிறே கிடையாது.

நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டியது அந்த நடுப் பாய் வகுப்பில். வேலூர் விஷ்ணு சரவணன், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியவர், ஓட்டுவது பெரிய பாய் வகுப்பில். படகின் உடல் ஒன்று, ஆளுக்குத் தக்க பாய். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

நான்கு எழுத்துகள்

இப்போது பெரிய படகுக்கு வருவோம். மஸ்துக்கு முன்னால் ஒரு முக்கோணம் இருக்கிறது. மஸ்தின் மேலிருந்து படகின் மூக்குக்கு இழுத்துக் கட்டிய கம்பி, மஸ்து, தளம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அந்த முக்கோணத்தின் உயரம் ஐ, அடிப்பக்கம் ஜே. மஸ்துக்குப் பின்னால் பெரிய பாய். அது மஸ்தில் ஏறும் உயரம் பி, பூம் என்னும் கிடைக்கட்டையில் அது நீளும் தூரம் இ. பின்னால் இன்னொரு சின்ன மஸ்து இருந்தால் அதற்கு பிஒய், இஒய் என்று இரண்டு அளவுகள் சேரும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். நாற்பது அடி சுற்றி நீளமுள்ள, இரண்டு மஸ்துப் படகு ஒன்றைக் கற்பனை செய்வோம். ஐ 46 அடி, ஜே 16 அடி, பி 40 அடி, இ 13 அடி, பிஒய் 24 அடி, இஒய் 8 அடி. முக்கோணத்தின் பரப்புதானே, பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும். முன் முக்கோணம் 368 சதுர அடி. பெரிய பாய் 260. பின் மஸ்துப் பாய், அதாவது மிஸன், 96. மொத்தம் 724 சதுர அடி.

உண்மையில் முன்பக்கம் ஏற்றும் பாய் அந்த முக்கோணத்தோடு நிற்பதில்லை. மஸ்தைத் தாண்டிப் பின்னால் நீளும் ஜெனோவா என்னும் பெரிய பாய் உண்டு. 150 சதவீத ஜெனோவா என்றால், முன்கம்பியிலிருந்து பாயின் பின்மூலைக்குச் செங்குத்தாக அளந்த தூரம் ஜேயைப் போல ஒன்றரை மடங்கு. நம் கற்பனைப் படகில் அது 24 அடி. முன்கம்பியின் நீளம் ஏறக்குறைய 48.7 அடி. ஆக ஜெனோவாவின் பரப்பு சுமார் 584 சதுர அடி.

இந்த 584ஐ ஒரு மனிதன் கையால் அடக்க வேண்டும். பாயின் கயிற்றில் எவ்வளவு இழுவிசை வரும் என்பதற்குப் பாய்க்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சதுர அடியில் பரப்பு, நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் காற்றின் வேகத்தின் இருமடி. இவற்றைப் பெருக்கி 0.00431ஆலும் பெருக்கினால் பவுண்டில் விடை வரும். பத்து நாட் காற்றில் நம் ஜெனோவாவின் கயிறு சுமார் 114 கிலோ இழுக்கும். காற்று இருபது நாட் ஆனால் நான்கு மடங்கு, சுமார் 457 கிலோ. காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதுதான் கடலில் மனிதனைக் கலங்கடிக்கும் கணக்கு. அதே இருபது நாட் காற்றில் 96 சதுர அடி மிஸன் பாய் இழுப்பது அதே கணக்கில் சுமார் 75 கிலோ. இரண்டு கப்பி போட்டால் ஓர் அறுபது வயது அம்மா தனியாகப் பிடித்துவிடுவார்.

படகின் நடுவே உட்காருவது

1960களின் பிற்பாதியிலும் 1970களிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபோது, ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டைப் பின்னாலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்த வடிவங்கள் பிரபலமாயின. சுவீடனில் 1967 முதல் கட்டப்பட்ட ரஸ்மஸ் 35 அதில் ஒன்று. ஒல்லே எண்டர்லைன் வரைந்தது. முன்னால் கண்ணாடித் தடுப்பு, நடுவில் காக்பிட், பின்னால் தனி அறை. 760 படகுகள் கட்டினார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் டெட் புரூயர் வரைந்த விட்பி 42 இன்னொன்று. பிரான்ஸில் ஆன்ரி அமெல் தம் படகுகளை, ஒரு தம்பதி மட்டுமே உலகம் சுற்ற முடிய வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வைத்து வடிவமைத்தார். அவருடைய சூப்பர் மராமு 497 கட்டப்பட்டது. நடுவில் காக்பிட், இரண்டு மஸ்து, பொத்தானை அழுத்தினால் சுருளும் பாய்கள்.

நடுக் காக்பிட்டால் என்ன லாபம்? பின்னால் ஒரு முழு அறை கிடைக்கிறது, அகலமான கட்டிலோடு. காக்பிட்டுக்கு அடியில் என்ஜினுக்குத் தனி இடம். பழுது பார்க்கக் குனிந்து நெளிய வேண்டாம். ஓட்டுபவர் உயரத்தில் உட்காருவதால் முன்னால் என்ன வருகிறது என்று நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் படகிலேயே குடியிருப்பவர்களுக்கு இவையெல்லாம் பெரிய விஷயம்.

விலையும் உண்டு, அதைப் பாய்க் கணக்குதான் கொடுக்க வேண்டும். ஓட்டுபவர் நடுவில், உயரத்தில் இருக்கிறார் என்றால் பெரிய பாயின் பூம் அவர் தலைக்கு மேலே போக வேண்டும். பூமை இரண்டடி உயர்த்துங்கள். மஸ்தின் உயரம் மாறாவிட்டால் நம் கற்பனைப் படகின் பி 40லிருந்து 38 ஆகும், 13 சதுர அடி போய்விடும். அதை ஈடுகட்ட மஸ்தை உயர்த்தினால் காற்றின் அழுத்தம் மேலே ஏறி, படகு கூடுதலாகச் சாயும். மூன்றாவது வழி, பெரிய பாயைக் குட்டையாகவே விட்டுவிட்டு, இழந்த பரப்பைப் பின்னால் ஒரு மிஸனாக நட்டுவிடுவது. அந்தக் காலத்து நடுக் காக்பிட் படகுகளில் பல ஏன் இரண்டு மஸ்துக் கெட்ச்களாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம். காக்பிட்டுக்குப் பின்னால் நிற்கும் மிஸன் மஸ்து, எழுந்து நிற்பவருக்குக் கைப்பிடியாகவும் ஆகிறது.

விட்பி 42ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 42 அடி, நீரில் அமரும் நீளம் 32 அடி 8 அங்குலம், அகலம் 13 அடி, நீருக்கடியில் 5 அடி. எடை 23,500 பவுண்டு. பாய்ப்பரப்பு 875 சதுர அடி. எடையையும் பாயையும் ஒப்பிடும் விகிதம் ஒன்று உண்டு. பவுண்டில் உள்ள எடையை 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்து, இருமடியாக்கி, பாய்ப்பரப்பை அதால் வகுக்க வேண்டும். விட்பிக்கு 17 வருகிறது. பந்தயப் படகுகள் இருபதுக்கு மேலே போகும். மோட்டாரை நம்பி, பாயைச் சும்மா வைத்திருக்கும் படகுகள் பதினைந்துக்குக் கீழே இறங்கும். கனமான, வீடு போன்ற இந்தப் படகுக்கு 17 என்பது கண்ணியமான எண். மெல்லிய காற்றிலும் நகரும். 875 சதுர அடியும் மூன்று பாய்களில் பிரிந்து கிடப்பதால் எந்த ஒரு பாயும் ஆளை மீறாது.

காற்று ஏறும்போது இந்தப் பிரிப்பின் அருமை தெரியும். ஒற்றை மஸ்துப் படகில் பெரிய பாயைச் சுருக்கிக் கட்ட மஸ்தடிக்குப் போய், ஆடும் தளத்தில் நின்று, கயிறுகளோடு மல்லுக்கு நிற்க வேண்டும். கெட்சில் பெரிய பாயை முழுவதும் இறக்கிவிட்டு, முன் பாயும் மிஸனும் மட்டும் வைத்துக்கொண்டே போகலாம். முன்னும் பின்னும் பாய் இருப்பதால் சமநிலை கெடாது. சுக்கான் கையில் கனக்காது.

சுஹைலி சொல்லிக் காட்டியது

கெட்சின் இந்தக் குணத்தை உலகத்துக்கே காட்டிய படகு நம் நாட்டில் கட்டப்பட்டது. சுஹைலி, 32 அடி. 1960களின் முற்பாதியில் பம்பாயில், தேக்கில் கட்டினார்கள். கட்டச் சொன்னவர் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல், தனியாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். ஒன்பது பேர் கிளம்பிய போட்டியில் முடித்தவரும் அவர் ஒருவர்தான்.

அந்தப் பயணத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அருகே காற்றைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்துபோனது. பசிபிக் கடல் முழுவதும் மிச்சம், ஆளோ ஒருவர். முன் பாய்களையும் பெரிய பாயையும் மிஸனையும் கூட்டிக் குறைத்து, படகு தன் போக்கில் நேராகப் போகும் சமநிலையைத் தேடிப் பிடித்தார். மிஸனைக் கொஞ்சம் இழுத்தால் படகு காற்றை நோக்கித் திரும்பும், விட்டால் விலகும். இரண்டாவது மஸ்தில் இருக்கும் அந்தச் சின்னப் பாய், படகின் பின்னால் நின்று பிடிக்கும் இன்னொரு சுக்கான் என்றே சொல்லலாம். இரும்பும் கம்பியும் உடைந்த இடத்தில் பாய்களைப் பிரித்து வைத்திருந்த வடிவம் கைகொடுத்தது.

அதே சுஹைலியின் அச்சாக, கோவாவின் அக்வேரியஸ் கப்பல் பட்டறையில் மரத்தில் கட்டிய துரியாவில்தான் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, அந்தப் பழைய போட்டியின் நினைவாக நடந்த 2018 கோல்டன் குளோப் பந்தயத்துக்குப் போனார். தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் மஸ்துகள் ஒடிந்து, முதுகெலும்பு அடிபட்டு, மீட்கப்பட்டார். பாய்க் கணக்கு எல்லாப் புயலுக்கும் விடையல்ல என்பதை அது நினைவூட்டுகிறது. அவர் மறுபடி கிளம்பி, 2022 பந்தயத்தை 2023 ஏப்ரலில் இரண்டாவதாக முடித்தார்.

ஈழத்துக் கரையிலும் இந்த வரலாற்றின் ஓர் இழை இருக்கிறது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை ஸ்வாப் என்ற 32 அடி கெட்சில் உலகைச் சுற்றினார். பின்னாளில் அவர், வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற 89 அடிப் பாய்க்கப்பலைக் கண்டு மனம் பறிகொடுத்து, அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் 1937இல் அதைச் செலுத்திக்கொண்டு கிளம்பி, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சின்னக் கெட்சில் உலகம் சுற்றிய ஒருவர் நம் மேஸ்திரிமார் கட்டிய கப்பலை ஒரு பார்வையில் எடைபோட்டு வாங்கினார் என்றால், அந்தக் கட்டுமானத்தின் தரத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பழைய படகை அளப்பது எப்படி

பழைய படகு வாங்க நினைப்பவர்கள் விவரத்தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பி, புதுப் பாய்க்குப் பணம் கட்டிவிடக் கூடாது. ஐம்பது வருடத்தில் மஸ்து மாறியிருக்கலாம். பூமை யாராவது வெட்டிக் குறுக்கியிருக்கலாம். முன்கம்பியில் பாய் சுருட்டும் கருவி பொருத்தியிருந்தால் அதன் உருளைகள் மேலும் கீழும் இடத்தைத் தின்றிருக்கும். பழைய பாயைத் தரையில் விரித்து அளப்பதும் பயன் இல்லை. வெயிலும் காற்றும் தின்ற டாக்ரான் துணி இழுபட்டு நீண்டிருக்கும்.

மஸ்தை அளக்க வேண்டும். காற்றில்லாத காலையில் போங்கள். பெரிய பாயை ஏற்றும் கயிற்றின் கொக்கியில் நீள டேப்பின் நுனியைக் கட்டி, கூடவே கீழே இழுத்து இறக்க ஒரு மெல்லிய கயிற்றையும் கட்டுங்கள். அதை மறந்தால் டேப் மேலேயே நின்றுவிடும். மஸ்தின் மேலே ஒரு கருப்புப் பட்டை தீட்டியிருக்கும், பூம் சேரும் இடத்திலும் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பி. பூமின் பின்முனைப் பக்கம் இருக்கும் பட்டையிலிருந்து மஸ்தின் பின்முகம் வரை இ. முன்கம்பி தளத்தைத் தொடும் இடத்திலிருந்து மஸ்தின் முன்முகம் வரை ஜே. முன்பாயை ஏற்றும் கப்பியிலிருந்து தளம் வரை ஐ. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்துவந்தால் எழுதுங்கள். மிஸன் மஸ்துக்கும் இதே முறை. நடுக் காக்பிட் படகானால் இன்னொன்றையும் அளந்துவிடுங்கள். காக்பிட்டில் நிமிர்ந்து நின்று, தலைக்கும் பூமுக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நிழலுக்குத் துணிக்கூரை போட அந்த இடம்தான் மிச்சம். நம் வெயிலில் கூரை இல்லாமல் முடியாது.

அளவுகள் கைக்கு வந்ததும் பெரிய ஜெனோவா மேல் ஆசைப்படாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. 150 சதவீதத்துக்குப் பதில் 110 அல்லது 120 போதும். மெல்லிய காற்றில் அரை நாட் குறையும். அதற்குப் பதிலாக, காற்று திடீரென்று ஏறும் இரவில் முழித்திருக்கும் ஒருவரே சமாளிக்கலாம், மற்றவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம். மாதக்கணக்கில் போகும் பயணத்தில் தூக்கம்தான் பாதுகாப்பு.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகள், 56 அடி தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே 29 அன்று உலகைச் சுற்றித் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய படகை இருவர் அடக்குவதற்குப் பின்னால் வருடக்கணக்கான பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சி இல்லாத சாதாரணக் குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது, அதைவிடச் சின்னப் படகு, மூன்றாகப் பிரிந்த பாய்.

அப்படி ஒரு படகை நாமே கட்டலாம். கோவாவின் தீவார் தீவில் தாரிணியும் துரியாவும் கட்டிய பட்டறை இருக்கிறது. தூத்துக்குடியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போன தோணிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கைகள் இருக்கின்றன. முப்பத்தைந்து அடி, ஆழம் குறைந்த அடிப்பாகம், நடுவில் காக்பிட், இரண்டு மஸ்து, மொத்தம் அறுநூறு சதுர அடிக்குள் பாய். மங்களூரிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றிப் புதுச்சேரி வரை ஒரு குடும்பம் கரையோரமாகவே போய்வர அது போதும். கிருஷ்ணராஜ சாகரில் சின்னப் பாயில் பழகும் பிள்ளைகள் வளர்ந்து ஏற இந்தியக் கரையில் கட்டிய ஒரு படகு வேண்டும். அதன் விவரத்தாளில் ஐ, ஜே, பி, இ என்ற நான்கு எண்களையும் முதலில் தீர்மானித்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி வரையட்டும்.